கேம் ஓடவில்லையா? கணினியைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேம் தகராறு செய்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. அதை மட்டும் செய்யாதீர்கள். நூறு ஜிபியை இரண்டாம் முறை இறக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். ஏதாவது கோப்பு கெட்டிருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் செயலியில் கேமின் பெயர் மீது வலது க்ளிக் செய்து ப்ராபர்ட்டீஸுக்குள் போங்கள். இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் என்ற பகுதியில் கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது. கெட்ட கோப்பை மட்டும் அது மறுபடி இறக்கிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கும் குறைவாக இருந்தால் என்ன காரணம் சொன்னாலும் பணம் திரும்பும். 2015 முதல் இதுதான் விதி. எபிக் கடையிலும் இதே கணக்கு. ஆனால் அந்த 2 மணி நேரம் என்பது கேம் திறந்திருந்த நேரம். செட்டிங்ஸைக் குடைந்த நேரமும், பிழைச் செய்தியை வெறித்துக்கொண்டிருந்த நேரமும் அதில் சேரும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது, ஷேடர் எனப்படும் காட்சி நிரல்கள் தயாராகும் முதல் திரையிலேயே பலர் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் ஒரு அடி நடப்பதற்கு முன்பே ரீஃபண்ட் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ப்ளேஸ்டேஷன் கடை இன்னும் கறார். டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தால் ஒழிய, பணம் வராது.

அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது என் வீட்டுக் கோளாறா, அவர்கள் வீட்டுக் கோளாறா? என் வீட்டுக் கோளாறு என்றால் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்வதில் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கோளாறு என்றால் ரீஃபண்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.

அறிகுறி: படம் திக்கித் திக்கி ஓடுகிறது

மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 90 என்று காட்டுகிறது. கண்ணுக்கோ கட்டை வண்டி கல்லில் ஏறி இறங்குவது போல் இருக்கிறது.

திக்கிய இடத்துக்கே திரும்பப் போங்கள். அதே கதவைத் திறங்கள், அதே குண்டை மறுபடி வீசுங்கள். முதல் முறை திக்கி, இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு ஓடினால் அது ஷேடர் சிக்கல். ஷேடர் என்பது வெளிச்சமும் நிழலும் புகையும் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் குட்டி நிரல். ப்ளேஸ்டேஷன் 5 என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே வகைச் சில்லு. நிரலை ஸ்டுடியோவிலேயே சமைத்து அனுப்பிவிடலாம். கணினியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). ஆகவே உங்கள் வீட்டு அடுப்பில்தான் சமைத்தாக வேண்டும். ஒழுங்கான கேம் அதை ஆட்டம் தொடங்கும் முன்பே செய்துவிடும். மற்றவை பந்தியில் இலை போட்ட பிறகுதான் அரிசியைக் களையவே தொடங்கும்.

இதில் நம்மால் முடிந்தது கொஞ்சம்தான். முதல் திரையில் ஷேடர் தயாராகும்போது அவசரப்பட்டு உள்ளே குதிக்காமல் முழுதாக முடிய விடுங்கள். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் சமைத்த ஷேடரைச் சேமிக்கும் 'ஷேடர் கேஷ்' அளவை 10 ஜிபி அல்லது அதற்கு மேல் வையுங்கள். அப்புறம், புது டிரைவர் வந்தவுடன் போட்டுவிடும் பழக்கத்தை விடுங்கள். டிரைவர் மாறினால் பொதுவாகச் சமைத்ததெல்லாம் குப்பைக்குப் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

திரும்பப் போன பிறகும் அதே பாலத்தில், அதே வளைவில் திக்குகிறதா? அடுத்த பகுதியை வட்டிலிருந்து எடுத்துப் போடும்போது கேமின் அடித்தள மென்பொருளான என்ஜினே தடுமாறுகிறது என்று அர்த்தம். இது அவர்கள் வீட்டுக் கோளாறு. எஃப்பிஎஸ்ஸை 60க்குப் பூட்டினால் கொஞ்சம் மட்டுப்படும், ஒழியாது. 'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரியில் வந்தபோது ஆயிரக்கணக்கில் செலவழித்த விண்டோஸ் கணினிகளில் திக்கியது. கையடக்கமான ஸ்டீம் டெக்கில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம் போட்டதும் அதைவிடச் சீராக ஓடியது. விலை உயர்ந்த கார்டு வாங்கித் தீர்க்கிற வியாதி இல்லை இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் சோர்ந்தால் சூடு. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு ஆடிப் பாருங்கள். அதில் குணம் தெரிந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கிறது. இது முழுக்க உங்கள் வீட்டுக் கோளாறு, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று போதும்.

திரும்பினால் திக்கல், சுவரெல்லாம் சேறு பூசியது போல் மங்கல் என்றால் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இப்போது தினசரிக் கதை. டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தை மட்டும் ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறங்கள். எல்லாவற்றையும் இறக்க வேண்டாம்.

அறிகுறி: 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது

மேலே சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இது பொய் சொல்லும் பிழைச் செய்தி.

அன்ரியல் என்ஜினில் செய்த கேம்கள், ஷேடர் தயாராகும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று ஒரு பெட்டியைக் காட்டி விழுந்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் கார்டின் நினைவகத்தில் பாதிகூட நிரம்பியிருக்காது. என் நண்பர் ஒருவர் இந்தச் செய்தியைப் படமெடுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் 'கார்டு பத்தலை சார்' என்றார். 16 ஜிபி கார்டு வாங்கி மாட்டினார். அதே பெட்டி, அதே செய்தி.

குற்றவாளி ப்ராசசர். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள், முக்கியமாக ஐ7, ஐ9 வகைகள், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி நாளடைவில் தம்மைத் தாமே கெடுத்துக்கொண்டன. மாதக்கணக்கில் புகார்கள் குவிந்த பிறகு 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன ப்ராசசர், சுருக்கி வைத்த ஷேடர் தரவை விரிக்கும்போது தப்பாகக் கணக்குப் போடுகிறது. கேமுக்கு ஏன் தோற்றோம் என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறது. அதனால்தான் ஊரெல்லாம் கார்டைத் திட்டியது.

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க மூன்று கேள்விகள். ப்ராசசர் பெயரில் ஐ7 அல்லது ஐ9க்குப் பின்னால் வரும் எண் 13 அல்லது 14 என்று தொடங்குகிறதா? பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போதோ கிராபிக்ஸ் டிரைவர் போடும்போதோ இடையிடையே பிழை வருகிறதா? வாங்கிய புதிதில் இல்லாமல் சில மாதம் கழித்து ஆரம்பித்ததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அல்லது இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் வேகப் பெருக்கத்தை 55லிருந்து 53க்கு இறக்கிவிட்டுக் கேமைத் திறங்கள். விழாமல் ஓடினால் வழக்கு முடிந்தது.

வேகத்தை இறக்கியது நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான். அப்படியே விட்டுவிடாதீர்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் போடுங்கள். இன்டெலின் திருத்தப்பட்ட மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு) அதில் இருக்கும். அது இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைக் குணப்படுத்தாது. கெட்ட ப்ராசசரை மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டியோடு வாங்கிய, பாதிக்கப்பட்ட ப்ராசசர்களுக்கு உத்தரவாதத்தை 2 ஆண்டு கூட்டி, வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டு என்று ஆக்கியிருக்கிறார்கள். முழுக் கணினியாக வாங்கியிருந்தால் விற்றவரிடம்தான் போக வேண்டும். 'மூணு வருஷம் முடிஞ்சிருச்சு' என்று கடையில் கைவிரித்தால், அந்த 5 ஆண்டு அறிவிப்பைக் காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் பிழைச் செய்தியின் படமும் கையில் இருக்கட்டும்.

அறிகுறி: நீங்கள் கை வைக்காமலே ஆள் நடக்கிறார்

கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்தால் உங்கள் வீரர் இடப்பக்கமாக மெல்ல நடந்துபோய் மலையிலிருந்து விழுந்திருக்கிறார்.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்னச் சோதனைச் சன்னல் வரும். குச்சியைத் தொடாமல் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ நடுங்கினாலோ, கேமைக் குறை சொல்லாதீர்கள்.

காரணம் எளிது. அந்தக் குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய ஒரு தடம் இருக்கிறது. அதன் மேல் உலோக நாக்கு ஒன்று உராய்ந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் உராய்கிறது என்பதை வைத்துத்தான் குச்சி எங்கே சாய்ந்தது என்று கணக்கு. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழும் இதே ஜாதி. தேய்ந்ததும் அது கரகரக்குமே, அதே தேய்மானம்தான் இங்கே ஆளை நடக்க வைக்கிறது. நீங்கள் ஆட ஆடத் தேயும். முரட்டுத்தனமாக ஆடினால் சீக்கிரம் தேயும், மென்மையாக ஆடினாலும் தேயத்தான் செய்யும்.

முதல் உதவி: ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் 'டெட்சோன்' என்ற அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுப்பகுதியில் வரும் சின்ன அசைவுகளை அது கண்டுகொள்ளாது. பந்தய கேம் ஆடுபவர்களுக்குக் கை மந்தமானது போல் இருக்கும், மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது: ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைக் குச்சியின் அடியில் ஒரு சொட்டு விட்டு, வட்டமாகச் சுழற்றி, முழுதாகக் காய விடுவது. தூசியால் வந்தது என்றால் போய்விடும். தேய்மானத்தால் வந்தது என்றால் சில வாரம் நடித்துவிட்டுத் திரும்பி வரும்.

மூன்றாவது, மாற்றுவது. நின்டென்டோ ஸ்விட்சின் ஜாய்கானில் குச்சி ஒரு ரிப்பன் வயரில்தான் மாட்டியிருக்கும். மூன்று கிளைத் தலை ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் அரை மணி நேரத்தில் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ப்ளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் அப்படி இல்லை. 14 இடத்தில் ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள். செல்போன் சர்வீஸ் கடையில் கைத்திறமையுள்ள ஆள் இருந்தால் செய்வார். ஆனால் புதுக் குச்சியை மாட்டிய பிறகு நடுப்புள்ளியை மென்பொருளில் சரிசெய்து தர வேண்டும்; அது தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாற்றும்போதே காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் குச்சியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் இடத்தை அளக்கும் பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். காந்தக் குச்சி ஏதோ நேற்று கண்டுபிடித்த அதிசயம் இல்லை. சேகா நிறுவனம் 1998இல் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே அதை வைத்தது. இன்று 8பிட்டோ போன்ற சின்ன கம்பெனிகள் பெரிய கம்பெனிகளைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் கன்ட்ரோலரிலும் அது இருக்கிறது. ஜாய்கான் தொல்லைக்காக நின்டென்டோவின் தலைவர் ஃபுருகாவா 2020இல் வருத்தம் தெரிவித்தார். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. அதிலும் ஹால் எஃபெக்ட் இல்லை.

நான் வாங்கிய கன்ட்ரோலர் ஒன்று (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) எட்டாவது மாதம் சாயத் தொடங்கியது. உத்தரவாதம் இருந்ததால் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வேறொன்று வந்தது. உள்ளே அதே கார்பன் தடம். அடுத்த ஆண்டு அதுவும் சாய்ந்தது, உத்தரவாதம் முடிந்திருந்தது.

அறிகுறி: வட்டில் இடமில்லை

'பால்டர்ஸ் கேட் 3' ஒன்றே 150 ஜிபி கேட்கிறது. ப்ராபர்ட்டீஸில் டிஎல்சி (கேமோடு தனியாகச் சேரும் கூடுதல் தொகுப்பு) பட்டியலைப் பாருங்கள். உயர்தர டெக்ஸ்சர் தொகுப்பு என்று ஏதாவது இருந்தால், 4கே திரை இல்லாதவர்கள் டிக்கை எடுத்துவிடலாம். சின்ன அப்டேட் வந்து பெரிய இடம் கேட்டாலும் பதறாதீர்கள். பெரிய கோப்பின் ஒரு மூலையை மாற்ற, முழுக் கோப்பையும் புதிதாக எழுதுகிறது, வேலை முடிந்ததும் இடம் திரும்பிவிடும்.

மற்றபடி அவர்கள் மனது வைக்க வேண்டும். மனது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஹெல்டைவர்ஸ் 2' உதாரணம். பழைய சுழலும் வட்டுகளில் சீக்கிரம் ஏற வேண்டும் என்று ஒரே தரவைப் பல இடத்தில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் நகல்களை நீக்கினார்கள். 154 ஜிபி இருந்தது 23 ஜிபி ஆனது.

அறிகுறி: வாங்கிய இடம் ஒன்று, கணக்குக் கேட்பது வேறு இடம்

ஸ்டீமில் வாங்கியிருப்பீர்கள். திறந்தால் கேம் கம்பெனியின் சொந்த லாஞ்சரான யுபிசாஃப்ட் கனெக்ட் முளைக்கும், அல்லது ஈஏ ஆப் முளைக்கும். அது சுற்றிக்கொண்டே நின்றால் ஸ்டீமை மூடிவிட்டு, அந்த லாஞ்சரைத் தனியாகத் திறந்து, அப்டேட் முடிய விட்டு, உள்நுழைந்த பிறகு ஸ்டீமிலிருந்து வாருங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும்.

ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அவசரத்தில் புதுக் கணக்குத் தொடங்காதீர்கள். கேம் முதலில் எந்தக் கணக்கோடு ஒட்டுகிறதோ, பல நேரம் அதோடுதான் நிற்கும். பழைய மின்னஞ்சலைத் தேடி எடுப்பது அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

எந்தப் பொத்தானும் தீர்க்காத வகை ஒன்றும் உண்டு. 2024 மே மாதம் ஸ்டீமில் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆடும் எல்லோரும் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே தீர வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத நாடுகள் 170க்கும் மேல். இலங்கையும் அதில் ஒன்று. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காசு கொடுத்து வாங்கி மூன்று மாதம் ஆடியவர், தன் நாட்டின் பெயரே இல்லாத பட்டியலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? எதிர்ப்பு வெடித்து, சில நாளில் சோனி பின்வாங்கியது. ஆகவே வாங்கும் முன் ஸ்டீம் பக்கத்தின் வலப்பக்கம் பாருங்கள். வேறு கணக்கு தேவை, திருட்டு நகலைத் தடுக்கும் டெனுவோ பூட்டு உண்டு என்பதெல்லாம் அங்கே சின்னப் பெட்டியில் இருக்கும். இதைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அறிகுறி: நெட் போனால் தனியாள் கேமும் திறக்கவில்லை

ஊருக்குப் போகும்போது மடிக்கணினியில் ஆடலாம் என்று நினைப்பவர்கள், கிளம்பும் முன் வீட்டிலேயே நெட்டோடு ஒருமுறை கேமைத் திறந்து மெனு வரை போய்விட்டு, பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் முறைக்கு மாற்றுங்கள். டெனுவோ பூட்டுள்ள கேம் என்றால், ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் கேமை ஓட வைக்கும் ப்ரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் புதுக் கணினி என்று எண்ணிக்கொண்டு, ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடும். காசு கொடுத்தவரைத்தான் பூட்டும்.

அறிகுறி: நூலகத்திலிருந்தே காணோம், அல்லது சர்வர் இல்லை என்கிறது

முதலில் சர்வர் தற்காலிகமாகப் படுத்திருக்கிறதா, நிரந்தரமாக மூடியிருக்கிறதா என்று கம்பெனியின் அறிவிப்பைப் பாருங்கள். தற்காலிகம் என்றால் காத்திருங்கள்.

நிரந்தரம் என்றால் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014இல் வந்த கார் பந்தய கேம். தனியாகவே அமெரிக்கா முழுக்க ஓட்டலாம், ஆனால் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் சர்வரை அணைத்தார்கள். அதோடு நிற்காமல், வாங்கியவர்களின் உரிமத்தையும் ரத்து செய்தார்கள். இதில் கொதித்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவிலோ, விற்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.

போனது போகட்டும், இருப்பதைக் காப்பாற்ற ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டீமை முழுதாக மூடுங்கள், மூலையில் ஒளிந்திருக்கும் ஐகானையும் சேர்த்து. நெட்டைத் துண்டியுங்கள். கேமின் ஃபோல்டருக்குள் போய் அதன் இஎக்ஸ்இ கோப்பை நேரடியாக இரண்டு முறை தட்டுங்கள். திறந்தால் அதில் பூட்டு இல்லை. அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி வட்டுக்கு நகலெடுத்து வையுங்கள். கேம் வைத்த சேமிப்புக் கோப்புகள் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ தனியாக இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். ஜிஓஜி கடையில் வாங்கியது என்றால் இந்த வித்தையே வேண்டாம். ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று தனியாகவே தருகிறார்கள். பல துண்டுகளாக வரும். கடைசித் துண்டு வரை இறங்கிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வட்டைக் கழற்றுங்கள்.